ஊசியும் குண்டும்

ஜனவரி 9

மரியாதைக்குரிய அண்ணி அவர்களுக்கு,

உங்கள் நாத்தனார் எழுதிக்கொள்வது. நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்கப்போவதில்லை. அதைக் கேட்டதால்தானே போன வாரம் சாப்பாட்டு மேசையில் அத்தனை ரகளை?

இந்த "நீங்கள்" எழுதி எழுதி எனக்குக் கை வலிக்கிறது. விளையாட்டு விடுதியில் நான்கு வருடம் ஒரே அறையில் குப்பை கொட்டினோமே, அப்போது நீ எனக்கு வெறும் ஊசி, நான் உனக்குக் குண்டு. நான் குண்டு எறிகிறவள் என்பதால்தான் அந்தப் பெயர் என்று நீ சத்தியம் செய்தாய். நானும் பெருந்தன்மையாக நம்பினேன். பத்தாயிரம் மீட்டர் ஓடுகிற உன் பெயருக்கு விளக்கமே தேவைப்படவில்லை. அப்புறம் என்னைப் பார்க்க வந்த என் அண்ணன் உன்னைப் பார்த்துவிட்டுப் போனான். அத்தோடு என் சிநேகிதி எனக்கு அண்ணியாகிவிட்டாள், மரியாதை வேறு கேட்கிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "எலும்புக்கூட்டுக்குச் சட்டை மாட்டின மாதிரி இருக்கே"ன்னு அம்மா முன்னாடி சொன்னது தப்பு. அந்த வார்த்தையை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் சொன்ன விஷயத்தை வாங்க மாட்டேன். தட்டில் நாலு வெள்ளரித் துண்டை வைத்துக்கொண்டு அதையும் எண்ணி எண்ணித் தின்றால் பார்க்கிற எனக்கு வயிறு எரியாதா? விடியற்காலையில் எழுந்து ஊருக்கே ரொட்டி சுடுகிறான் உன் புருஷன். அவன் பெண்டாட்டி ரொட்டியைக் கண்டால் கடன்காரனைக் கண்ட மாதிரி முகத்தைத் திருப்புகிறாள். நீ யாரிடமும் சொல்லாமல் மலைமேல் இருக்கிற பயிற்சி முகாமுக்குக் கிளம்பிப் போனதிலிருந்து அவன் உப்புப் போட மறந்து இரண்டு முறை திட்டு வாங்கிவிட்டான்.

போன் பண்ணலாம்தான். முகாமில் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்குமாம். கிடைத்தாலும் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். கடிதத்தில் நான் கத்தினாலும் உன் காதுக்கு ஒன்றும் ஆகாது.

எனக்கு வரன் அமைந்துவிட்டது, தெரியுமா? மாப்பிள்ளை மின்வாரியத்தில் லைன்மேன். கம்பம் ஏறுகிறவர், பார்க்கவும் கம்பம் மாதிரிதான் இருக்கிறார். அவருடைய பெரியம்மா என்னை மேலும் கீழும் அளந்துவிட்டு, "போட்டோ எடுத்தா ரெண்டு பேரும் ஒரே சட்டத்துக்குள்ள வரணுமேம்மா"ன்னு சொன்னார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

ஏப்ரலில் எனக்கு அணித் தேர்வு. உனக்கு மார்ச்சில். சண்டையைத் தேர்வுக்கு அப்புறம் தொடரலாமா?

கோபத்துடன்,
குண்டு


ஜனவரி 21

குண்டு,

கடிதம் கிடைத்தது. நன்றாக இருக்கிறேன். வரன் அமைந்ததில் சந்தோஷம்.

நீ சொன்ன வார்த்தை எனக்கு வலிக்கவில்லை. அத்தை அதற்கு ஆமாம் என்று தலையை ஆட்டினார்களே, அதுதான் வலித்தது. அந்த வீட்டில் என் ஓட்டம் புரிகிறவள் நீ ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். நீயே அப்படிச் சொன்னால் மற்றவர்கள் என்ன சொல்ல மாட்டார்கள்?

எனக்குப் பைத்தியம் பிடித்து நான் சாப்பிடாமல் இல்லை. கோச் கணக்குப் போட்டுக் காட்டினார். சுமக்கிற பாரம் குறைந்தால் கால் லேசாகும், கால் லேசானால் நேரம் குறையும். குறைந்தது. போன வருடத்தைவிட முப்பது விநாடி வேகமாக ஓடுகிறேன். முகாமில் எல்லோருக்கும் முன்னால் என்னைக் காட்டி, "இவளைப் பாத்துக் கத்துக்குங்க"ன்னு சொன்னார். உனக்குக் குண்டு எவ்வளவு தூரம் போகிறது என்பது முக்கியமானால் எனக்கு இது முக்கியம்.

இங்கே சாப்பாட்டுக் கூடத்தின் வாசலிலேயே எடை மெஷின் இருக்கிறது. ஏறி இறங்கிவிட்டுத்தான் தட்டை எடுக்க வேண்டும். என்னோடு தங்கியிருப்பவள் தடை தாண்டி ஓடுகிறவள். குள்ளம், சுறுசுறுப்பு, நாள் முழுக்கப் பாட்டு. அவளுக்கும் எனக்கும் இப்போது ஒரே எடை. அவள் என் தோள்வரைதான் வருவாள்.

மலையில் குளிர் அதிகம். இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கம்பளிக்குள் போனாலும் பல் தந்தியடிக்கிறது. பாட்டுக்காரி ஒரே போர்வையில் தூங்குகிறாள், அவளுக்குத் தோல் தடிமன் போலிருக்கிறது. தலைமுடிதான் கொஞ்சம் கொட்டுகிறது, தண்ணீர் சரியில்லை. இடது கால் முன்னெலும்பில் பூச்சி கடித்த மாதிரி ஒரு சின்ன வலி. புது ஷூ.

அவரிடம் ரொட்டியில் உப்புப் போடச் சொல்.

ஊசி


பிப்ரவரி 3

அண்ணி,

மறுபடி மரியாதை. காரணம், மறுபடி கோபம்.

குளிர் மலையால், முடி தண்ணீரால், கால்வலி ஷூவால். உன் உடம்பைத் தவிர ஊரில் உள்ள எல்லாவற்றின் மேலும் பழி போட்டாகிவிட்டது. நான் ஒன்று கேட்கிறேன், பதில் எழுது. மாதாமாதம் வர வேண்டியது வருகிறதா? விடுதியில் நம் இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் வந்து, ஒரே வெந்நீர்ப் பைக்கு அடித்துக்கொள்வோமே. போன தடவை நீ வீட்டில் இருந்த ஒன்றரை மாதமும் பை என்னிடமேதான் இருந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இங்கே என் கதை. நானும் கொஞ்சம் உடம்பைக் குறைக்கலாம் என்று பார்க்கிறேன். கொஞ்சம்தான். கல்யாண உடுப்புக்கு அளவெடுக்க மாப்பிள்ளையின் பெரியம்மா ஒரு தையல்காரியை அனுப்பினார். அந்தப் புண்ணியவதி டேப்பை என்னைச் சுற்றி எடுத்துவிட்டு, "துணி பத்துமான்னு பாக்கறேன்"ன்னு முணுமுணுத்தாள். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை, அது ஏன் என்று தெரியவில்லை. அதனால் காலையில் முட்டையின் வெள்ளைக்கரு, மதியம் காய்கறி, ராத்திரி வெந்நீர். வெந்நீர் நன்றாகத்தான் இருக்கிறது, பழகிவிட்டால்.

உன்னை மாதிரி என்று நினைத்துவிடாதே. என்னிடம் குறைக்க நிறைய இருக்கிறது. கோச் அம்மாவுக்குத் தெரியாது. குண்டு மட்டும் கொஞ்சம் முன்னாலேயே விழுகிறது, போன மாதத்தைவிட முக்கால் மீட்டர் குறைவு. காற்று சரியில்லை. எறிகிற வட்டத்தில் சிமென்ட்டும் வழவழப்பாகிவிட்டது.

மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை வந்தார். ஒரு மணி நேரத்தில் மொத்தம் ஆறு வார்த்தை பேசினார். அதில் இரண்டு "சரிங்க".

கேட்ட கேள்விக்குப் பதில் வேண்டும்.

குண்டு


பிப்ரவரி 14

அடி குண்டு,

காற்றா? நாலு கிலோ இரும்பைக் காற்று பிடித்துத் தள்ளியதா? அங்கே என்ன, புயலா?

உன் கடிதத்தைப் பாட்டுக்காரியிடம் படித்துக் காட்டினேன். அவள் கட்டிலிலிருந்து கீழே விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. வெந்நீர் குடித்துவிட்டுப் படுக்கிறவளா என் தட்டில் வெள்ளரித் துண்டை எண்ணினாய்? விடுதியில் பயிற்சி முடிந்து வந்ததும் ஆறு முட்டையைத் தோலுரித்து வரிசையாக வைத்து, "இது வலது தோளுக்கு, இது இடது தொடைக்கு"ன்னு பெயர் வைத்துச் சாப்பிடுவாயே, அவள் எங்கே போனாள்? யாரோ ஒரு பெரியம்மா, யாரோ ஒரு தையல்காரி. அவர்கள் யாராவது உனக்காக அந்த வட்டத்துக்குள் நின்று எறியப் போகிறார்களா?

இந்த இடத்தில் நிறுத்திவிட்டுக் கடிதத்தை மடித்தேன். பிறகு திரும்பப் பிரித்தேன். உன்னைக் கேட்ட கேள்வியை என்னையும் கேட்க வேண்டியிருக்கிறது.

எட்டு மாதமாக வரவில்லை. யாரிடமும் சொன்னதில்லை. முதலில் சௌகரியம் என்றுகூட நினைத்தேன். பெரிய ஓட்டக்காரிகளுக்கு இப்படித்தான் என்று ஒருத்தி சொன்னாள், நம்பிக்கொண்டேன். உன் அண்ணன் குழந்தையைப் பற்றி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதுதான் அவர் வழக்கம் என்று உனக்குத் தெரியும். அதனாலேயே என்னால் சொல்ல முடியவில்லை.

போன வாரம் முகாமுக்குள் ஓடவிட்டுப் பார்த்தார்கள். நாலாவதாக வந்தேன். எடை இன்னும் குறைந்துதான் இருக்கிறது, ஆனால் நேரம் திரும்ப ஏறுகிறது. கணக்குப்படி இப்படி நடக்கக் கூடாது. கடைசிச் சுற்றுகளில் கால் என்னுடையதாகவே இல்லை. பூச்சிக்கடி இப்போது படி இறங்கும்போது குத்துகிறது. கோச்சிடம் ஷூ என்று சொல்லியிருக்கிறேன்.

ஒரு ஒப்பந்தம். நீ ஒழுங்காகச் சாப்பிடு, நான் டாக்டரிடம் போகிறேன். எனக்காக நான் போக மாட்டேன், பயமாக இருக்கிறது. நீ சாப்பிட வேண்டும் என்பதற்காகப் போவேன்.

ஊசி


பிப்ரவரி 23

என் ஊசிக்கு,

எட்டு மாதமா? படித்ததும் உன்னை உதைக்க வேண்டும் போலவும் மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் நீ கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. ஒப்பந்தத்துக்குச் சம்மதம். கையெழுத்துப் போடுவதற்குள் இங்கே நடந்ததைக் கேள்.

திங்கட்கிழமை ஜிம்மில் எப்போதும் விளையாட்டாகத் தூக்குகிற எடைதான். பாதி எழுந்தேன், கூரை கீழே இருந்தது, தரை மேலே இருந்தது. பக்கத்தில் இருந்த இரண்டு பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள், என்னைப் பிடிக்கத்தான் ஆள் பத்தவில்லை. கண்ணைத் திறந்தால் கோச் அம்மா.

"காலைல என்ன சாப்ட்டே?"

"முட்டை."

"எத்தனை?"

"வெள்ளை மட்டும்..."

அந்த அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார்: "சாப்பாட்டை இப்படி வெட்டினா கொழுப்பு மட்டுமா போகும்? நீ பத்து வருஷமாச் சேத்த சதையும் சேர்ந்து போகும். அந்தக் குண்டைத் தள்ள பின்னாடி ஒரு பெரிய ஆள் வேணும். நீ அந்த ஆளையே வீட்டுக்கு அனுப்பிட்டியே."

பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இத்தனை வருடமும் என் சர்க்கரை, அழுத்தம், இதயம் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்திருக்கின்றன. நான் பெரிய உருவம், அவ்வளவுதான், நோயாளி இல்லை. மூன்று வாரப் பட்டினியில்தான் எல்லாம் ஆட்டம் கண்டது.

சாயங்காலம் மாப்பிள்ளை மைதானத்துக்கே வந்துவிட்டார், அம்மா போன் பண்ணியிருக்கிறாள். கேலரியின் கீழ்ப்படியில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். நானே ஆரம்பித்தேன்.

"இங்க பாருங்க, என்னால இதுக்கு மேல இளைக்க முடியாது. உங்க பெரியம்மாகிட்ட சொல்லிடுங்க. பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிடலாம்."

"நான் எப்பங்க இளைக்கச் சொன்னேன்?"

"நீங்க எதுவுமே சொல்லலையே!"

அவர் தன் கையுறையை மடித்துப் பையில் செருகினார். பிறகு மைதான மூலையில் இருக்கிற விளக்குக் கம்பத்தைக் காட்டினார். "போன வருஷம் அதுல பல்பு மாத்த ஏறியிருந்தேன். கீழ தொப்புன்னு ஒரு சத்தம். கம்பமே அதிர்ந்துச்சு. குனிஞ்சு பாத்தா நீங்க. குண்டு விழுந்த இடத்தைப் பாத்துக்கிட்டு இடுப்புல கை வெச்சு நிக்கறீங்க. அன்னைக்கு ஒரு பல்பு மாத்த வேண்டியவன் நாலு பல்பு மாத்தினேன். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தாங்க பொண்ணு கேட்டு வந்தேன். அதை யாருக்காகவும் சின்னதாக்கிடாதீங்க."

எண்ணிப் பார், ஆறு வார்த்தைக்கு மேல் இருக்கும். பெரியம்மாவிடம் அன்றைக்கே, "சட்டத்தைப் பெருசா வாங்கிக்கலாம் பெரியம்மா"ன்னு சொல்லிவிட்டாராம்.

வீட்டுக்கு வந்து அண்ணன் சுட்ட ரொட்டி ஒன்றை முழுசாக, வெண்ணெயோடு, பருப்போடு, நாலு முட்டையோடு சாப்பிட்டேன். மஞ்சள் கருவுடன்! கண் பட்டுவிடும் என்று அம்மா வாசலைச் சாத்திவிட்டு வந்து பார்த்துக்கொண்டிருந்தாள். என் பங்கு முடிந்தது. இனி உன் பங்கு. போ டாக்டரிடம்.

குண்டு


மார்ச் 6

குண்டுவுக்கு,

போனேன்.

முன்னெலும்பில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். ஸ்கேனில் டாக்டர் பென்சிலால் காட்டினார். எலும்பின் அடர்த்தி என் வயதுக்கு இருக்க வேண்டியதைவிடக் குறைவு. இரும்புச் சத்தும் குறைவு. இரண்டு மாதம் ஓடக் கூடாது. தேர்வு போய்விட்டது.

இதை எழுத இரண்டு நாள் ஆனது. முதல் நாள் அழுதேன். பாட்டுக்காரி பாடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவளோடு தங்கியிருந்தால்தான் தெரியும்.

டாக்டர் வயதில் நம்மைவிட இரண்டு மூன்று வருடம்தான் பெரியவர். "மின்சாரம் பத்தலைன்னா வீட்ல என்ன பண்ணுவீங்க?"ன்னு கேட்டார். வேண்டாத அறைகளில் விளக்கை அணைப்போம் என்றேன். "உங்க உடம்பும் அதைத்தாங்க பண்ணியிருக்கு. ஓட்டத்துக்கே எல்லாத்தையும் நீங்க எடுத்துட்டீங்க. மிச்சத்துல சமாளிக்க முதல்ல மாதவிலக்கை அணைச்சிருக்கு. அப்புறம் சூடு, முடி, எலும்பு கட்டற வேலை. கடைசில ஓட்டத்துக்கே வந்துடுச்சு."

எடை குறைந்ததும் வேகம் கூடியதே என்றேன். கொஞ்ச நாளைக்குக் கூடும், அதுதான் ஏமாற்று என்றார். பாட்டுக்காரியின் எடையையும் சொல்லிக் கேட்டேன். சிரித்தார். "அவங்க எலும்பு வேற, உங்க எலும்பு வேற. அந்த எடை அவங்களுக்கு ஆரோக்கியம், உங்களுக்குப் பசி." என் தோளும் நீளக் காலும் அந்த எடைக்குள் அடங்க முடியாதாம். விளக்குகளைத் திரும்பப் போடலாம், ஆனால் அவசரப்படுத்த முடியாது, முதலில் வயிறாரச் சாப்பிடுங்கள் என்றார்.

கோச்சுக்கு டாக்டரே நேரில் சொன்னார். மறுநாள் காலையில் கோச் என் அறை வாசலில் வந்து நின்றார். "நான் கடிகாரத்தை மட்டும்தான் பாத்தேன். உன்னைப் பாக்கலை"ன்னு சொல்லிவிட்டுப் போய்விட்டார். மதியம் சாப்பிடப் போனால் வாசலில் எடை மெஷின் இல்லை. சமையல்கட்டில் சமையல்காரர் அதன் மேல் உருளைக்கிழங்கு மூட்டையை எடை போட்டுக்கொண்டிருந்தார். பாட்டுக்காரி கூடமே அதிரப் பாட ஆரம்பித்தாள்.

சாப்பிடுவது சுலபமில்லை. வயிறு சுருங்கிவிட்டது, மனசு அதைவிட. தட்டு நிறைந்தால் தப்பு செய்கிற மாதிரி இருக்கிறது. நேற்று சோற்றைப் பாதியில் வைத்துவிட்டேன். இன்று முடித்தேன்.

அவரிடம் நீ சொல்லாதே, நானே சொல்கிறேன். தண்ணீர்த் தொட்டி மேல் ஏற முடியாது, காலில் கட்டு. அவரை இங்கே அனுப்பிவை.

ஊசி


ஏப்ரல் 19

என் தங்க ஊசிக்கு,

முதலில் உன் புருஷன் விஷயம். மலையிலிருந்து இறங்கி வந்தவனிடம், "என்னடா பேசினீங்க?"ன்னு கேட்டேன். "ரெண்டு ரொட்டி சாப்ட்டா"ன்னு சொன்னான். "அது சரி, அப்புறம்?" "மூணாவதுல பாதி எனக்குக் குடுத்தா." அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அடுப்பு முன்னால் நின்று விசிலடிக்கிறான். உப்பு சரியாக இருக்கிறது.

இனி என் விஷயம். நேற்று தேர்வு. காலையில் சோறு, முட்டை, இரண்டு வாழைப்பழம். எறிவதற்கு மூன்று மணி நேரம் முன்பே முடித்துவிட வேண்டும் என்று கோச் அம்மா கண்டிப்பு. முதல் எறி கோட்டுக்கு வெளியே. இரண்டாவது சுமார். மூன்றாவதுக்கு வட்டத்துக்குள் போனபோது, உன்னை ஓட விடாமல் உட்கார வைத்திருக்கிறார்கள் என்பது ஞாபகம் வந்தது. உன் காலுக்கும் சேர்த்து உந்தினேன். குண்டு கையைவிட்டுப் போனபோதே தெரிந்துவிட்டது. என் பழைய சாதனையைத் தாண்டி ஒரு சாண்! இரண்டாம் இடம். அணியில் எடுத்துவிட்டார்கள்.

கேலரியில் மாப்பிள்ளை எழுந்து நின்று கைதட்டியதில் பக்கத்தில் இருந்தவருடைய டீ கொட்டிவிட்டது. பெரியம்மாவும் வந்திருந்தார். கிட்டே வந்து என் கைச் சதையை அமுக்கிப் பார்த்துவிட்டு, "எப்பா! எங்க வீட்டு பீரோவை நகத்த இனிமே ஆள் தேட வேண்டாம்"ன்னு சொன்னார். இது பாராட்டா என்று தெரியவில்லை. பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஜூனிலிருந்து நான் முகாமில். நீ வீட்டில். கல்யாணம் சீசன் முடிந்து டிசம்பரில். மெதுவாக வா, நன்றாக வா.

உன்
குண்டு


செப்டம்பர் 12

என் குண்டுவுக்கு,

முகாமில் போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள் என்று சொன்னாயே, அதனால் நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

ஜூலையில் ஒரு காலை, குளியலறையிலிருந்து நான் போட்ட சத்தத்தில் உன் அண்ணன் மாவுக் கையோடு ஓடிவந்தார். பல்லியா என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். அவர் நேரே அடுப்படிக்குப் போய் வெந்நீர்ப் பையை நிரப்பிக்கொண்டு வந்தார். அதன் மேலெல்லாம் மாவு. கட்டிப்பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் சிரித்தோம். குழந்தை எப்போது என்று இப்போது பேசிக்கொள்கிறோம். அவசரமில்லை, ஆனால் பேசுகிறோம்.

எலும்பு ஆறிவிட்டது. போன வருடத்தைவிட நான்கு கிலோ கூட இருக்கிறேன். கோச் எடையே கேட்பதில்லை. தூக்கம், பசி, மாதவிலக்கு, வலி, இந்த நான்கைத்தான் கேட்கிறார். கேட்கும்போது காது சிவந்துபோகிறது, ஆனாலும் விடாமல் கேட்கிறார்.

கால் ஆறிய பிறகு நேற்றுதான் எனக்கு முதல் போட்டி. வரிசையில் நின்றபோது பக்கத்தில் இருந்த பெண்கள் எல்லாம் என்னைவிட மெலிந்து தெரிந்தார்கள். பழைய பயம் ஒரு தடவை எட்டிப் பார்த்தது. துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் மறந்துவிட்டேன். பாதி தூரம் வரை எட்டாவதாகத்தான் ஓடினேன். மூன்று சுற்று மிச்சமிருக்கும்போது, வழக்கமாகக் கால் என்னைவிட்டுப் போய்விடும் இடம் வந்தது. போகவில்லை. பலம் மிச்சமிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிற மாதிரி வேகத்தைக் கூட்டினேன், இன்னும் இருந்தது. ஒவ்வொருத்தியாகத் தாண்டினேன். கடைசி நூறு மீட்டரில் பாட்டுக்காரி கம்பி வேலிக்கு வெளியே என்னோடு ஓடிக்கொண்டே கத்தினாள், என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. மூன்றாம் இடம். என் சிறந்த நேரத்தைவிடச் சில விநாடி அதிகம்தான். ஆனால் முடித்துவிட்டு நான் சுருண்டு விழவில்லை. நின்றுகொண்டிருந்தேன், குண்டு! கால் இரண்டும் தரையில் உறுதியாக.

அப்புறம் ஒரு பசி எடுத்தது பார், பிறந்ததிலிருந்து அப்படிப் பசித்ததில்லை. கேலரிக்குப் பின்னால் உன் அண்ணன் பை நிறையத் தின்பண்டத்தோடு நின்றார். ரொட்டியை முடித்து வாழைப்பழத்தை உரித்து வாயில் வைத்திருக்கிறேன், ஒலிபெருக்கியில் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பரிசளிப்பு! அவர், "ஓடு, ஓடு!" என்று முதுகில் தட்டினார். ஒரு கன்னம் புடைத்தபடி மேடை ஏறினேன். பதக்கம் போட வந்த அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டார். போட்டோ எடுக்கிறவர், "மேடம், வாயில இருக்கறதைத் துப்பிட்டு ஒரு தடவை சிரிங்க"ன்னு கெஞ்சினார்.

துப்பவில்லை. அத்தனை பேரையும் காக்க வைத்து, நன்றாக மென்று விழுங்கினேன். அதற்கப்புறம்தான் கையைத் தூக்கினேன்.

ஊசி